ரசீது வேண்டாம் என்றவர்களுக்கும் ரசீது



சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு அங்கே நடந்தது தெரியும். வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழைநீர் வடிகாலைச் சீரமைக்க வீட்டுக்கு 3,000 ரூபாய் என்று வசூலித்தோம். 96 வீடுகளில் 88 வீட்டார் கொடுத்தார்கள். 2,64,000 ரூபாய் சேர்ந்தது. வேலை தொடங்குவதற்குள் பொது ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டார் எரிந்துபோயிற்று. தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் இருப்பது? பொருளாளராகிய நான் வடிகால் பணத்திலிருந்து 41,500 ரூபாய் எடுத்துப் புது மோட்டார் போட்டேன். பில் இருக்கிறது, வவுச்சர் இருக்கிறது, செயலாளரின் கையெழுத்தும் இருக்கிறது. கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "சார், வடிகாலுக்குக் குடுத்த பணத்துல மோட்டார் வாங்கலாம்னு யாரைக் கேட்டீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்த நாட்களில் மாலையில் கணக்கு டாலி ஆகாமல் வீட்டுக்குப் போனதில்லை. "என்னையா சந்தேகப்படறீங்க?" என்று குரலை உயர்த்திவிட்டேன். அவர், "சந்தேகம் இல்லை சார், கேள்விதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு, நானே கொண்டுவந்திருந்த வைப்பு நிதித் தீர்மானத்தை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. வீட்டுக்கு 25,000 ரூபாய் வீதம் ஒரே தடவையாக 24 லட்சம் திரட்டி, வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, வட்டியில் சங்கத்தின் அன்றாடச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. மாதா மாதம் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவதில் அலுத்துப்போய்ச் செய்த யோசனை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அலமாரியிலிருந்து காந்தியின் 'சத்திய சோதனை'யை எடுத்தேன். கல்லூரி நாளில் படித்தது. அதில் ஒரு சங்கத்தின் வசூல் கதை வரும் என்பது நினைவில் இருந்தது. பி.காம். படித்தவனுக்கு அந்தப் பக்கங்கள்தாம் ஞாபகம் இருக்கும் போலிருக்கிறது! இந்த இதழில் அந்தக் கதையை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். ஏன் என்பது முடிவில் விளங்கும்.

வசூலுக்குப் போன வக்கீல்

1893-இல் தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார் காந்தி. வேலை முடிந்து ஊர் திரும்ப வேண்டிய நேரத்தில், நேட்டால் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா வந்தது. அதை எதிர்க்க ஓர் அமைப்பு தேவைப்பட்டது. 1894-இல் டர்பனில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. செயலாளர் காந்தி. வயது 24.

முதலில் அவர் செய்தது, தன் பிழைப்பையும் சங்கப் பணத்தையும் வேறு வேறாக வைத்தது. பொது வேலைக்குச் சம்பளம் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வியாபாரிகள் இருபது பேர் தங்கள் சொந்த வழக்கு வேலைகளுக்காக அவரை ஓர் ஆண்டுக்கு வக்கீலாக அமர்த்திக்கொண்டார்கள். அது அவருடைய ஜீவனம். சங்கத்தின் பணம் சங்கத்துக்கு.

சந்தா மாதம் குறைந்தது 5 ஷில்லிங். வசதியுள்ளவர்கள் கூடுதலாகக் கொடுக்கலாம். அப்துல்லா சேட் மாதம் 2 பவுன் என்று எழுதிப் பட்டியலைத் தொடங்கிவைத்தார். காந்தி தன் பெயருக்கு எதிரே 1 பவுன் எழுதினார். அப்போது அவருக்கு அது சிறிய தொகை இல்லை. இன்னும் பலர் ஒரு பவுன், அரைப் பவுன் என்று எழுதினார்கள்.

பிறகு நடந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட உற்சாகம் பணம் கொடுக்கும்போது இல்லை. கேட்ட உடனே கொடுத்தவர் எவருமில்லை. டர்பனிலேயே இருந்தவர்களைக்கூடத் திரும்பத் திரும்ப நச்சரிக்க வேண்டியிருந்தது. காந்தியின் குமாஸ்தா நாள் முழுக்க வசூலுக்கே அலைந்து சலித்துப்போனார். நம் சங்கத்தில் மாதத்தின் முதல் வாரம் நடப்பது அப்படியே!

காந்தி கூட்டத்தைக் கூட்டினார். மாதச் சந்தாவை ஆண்டுச் சந்தாவாக மாற்றி, குறைந்தபட்சம் 3 பவுன், அதுவும் முன்பணமாக என்று முடிவாயிற்று. 20 ஷில்லிங் ஒரு பவுன். மாதம் 5 ஷில்லிங் என்றால் 12 மாதத்துக்குச் சரியாக 3 பவுன்தான் வரும். ஒரு பென்னிகூட ஏற்றவில்லை, வசூலிக்கும் முறையைத்தான் மாற்றினார்கள். கடன் வாங்கிப் பொது வேலை செய்வதில்லை, கையில் பணம் வந்த பிறகே செலவு என்பது அவருடைய இன்னொரு விதி. மற்ற விஷயங்களில் மக்களின் வாக்கை நம்பலாம், பணம் தருகிறேன் என்ற வாக்கை நம்பி இறங்கக் கூடாது என்பது அவர் கண்ட அனுபவம்.

டோங்காட் என்ற ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வசூலுக்குப் போனவர்களைத் தன் வீட்டில் தங்கவைத்த வியாபாரி 6 பவுன் தருவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் 3 பவுனுக்கு மேல் முடியாது என்றார். அவரிடம் 3 பவுன் வாங்கிக்கொண்டால் ஊரில் மற்றவர்களும் அதே அளவில் நின்றுவிடுவார்கள். இரவு வெகுநேரம் ஆகிவிட்டது, எல்லோருக்கும் நல்ல பசி. வந்த காரியம் முடியாமல் சாப்பிடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளூர் வியாபாரிகளும் அவருக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு தரப்பும் அசையாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தன. பொழுது விடியும் நேரத்தில் அவர் 6 பவுனைக் கொடுத்து விருந்தும் போட்டார். நம் நகரில் இதை நான் முயன்று பார்க்கப் போவதில்லை. பயப்படாதீர்கள்.

ஆனால் வாங்குவதில் இத்தனை பிடிவாதம் காட்டியவர், வாங்கியதற்குக் கணக்கு வைப்பதில் அதைவிடப் பிடிவாதமாக இருந்தார். தொடக்கத்தில் ரசீதுப் புத்தகம் அச்சடிக்கக்கூடச் செலவு செய்யவில்லை. சின்னச் சின்னச் செலவுகளே பெரும் பணத்தை விழுங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். அலுவலகத்தில் இருந்த சைக்ளோஸ்டைல் இயந்திரத்திலேயே ரசீதுகளும் அறிக்கைகளும் தயாராயின. (என் வயதுக்காரர்களுக்கு அந்த மை வாசனை நினைவிருக்கும்.) பணம் கொடுத்தவர்கள் ரசீதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ரசீது கொடுத்தே தீருவது என்று வைத்திருந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்துச் சுயசரிதை எழுதும்போதும், 1894-ஆம் ஆண்டின் கணக்குப் புத்தகங்களை இன்றும் அங்கே முழுதாகப் பார்க்கலாம் என்று தைரியமாக எழுதினார். சரியான கணக்கு இல்லாத இடத்தில் உண்மையும் மாசுபடாமல் இருக்க முடியாது என்பது அவர் கருத்து.

மாதம் ஒரு முறை, தேவைப்பட்டால் வாரம் ஒரு முறைகூட, கூட்டம் நடந்தது. முந்தைய கூட்டத்தின் குறிப்புகளை வாசிப்பார்கள். எழுந்து பேசவே கூச்சப்பட்டவர்கள் மெல்ல மெல்லக் கேள்வி கேட்கப் பழகினார்கள். இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது. அங்கே செயலாளரே மெனக்கெட்டு உறுப்பினர்களைப் பேசப் பழக்கினார். இங்கே ஓர் அம்மா தானாகவே எழுந்து கேட்டார், நான் அவரை உட்கார வைத்துவிட்டேன்.

நிரந்தர நிதி என்ற ஆசை

1896-இல் காந்தி இந்தியா வந்திருந்த சமயத்தில் ஆதம்ஜி மியாகான் செயலாளர் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். உறுப்பினர்களும் கூடினார்கள், சுமார் 1,000 பவுனும் சேர்ந்தது. காந்தி திரும்பி வந்த பின் நிதி ஏறக்குறைய 5,000 பவுனைத் தொட்டது. அப்போது அவருக்கு எனக்கு வந்த அதே ஆசை வந்தது. இந்தப் பணத்தில் சொத்து வாங்கி, அதன் வாடகையில் சங்கத்தை நடத்தினால் என்ன? சகாக்களும் சரி என்றார்கள். சொத்து வாங்கி வாடகைக்கு விட்டார்கள். வாடகை அன்றாடச் செலவுக்குப் போதுமானதாக இருந்தது. சொத்தைப் பார்த்துக்கொள்ள வலுவான அறங்காவலர் குழுவும் போட்டாயிற்று. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டு வந்த பிறகு அந்தச் சொத்தே சண்டைக்குக் காரணமாயிற்று. உட்பூசல் முற்றி, வாடகைப் பணம் நீதிமன்றத்தில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தச் சண்டை வருவதற்கு நெடுநாள் முன்பே காந்தி மனம் மாறியிருந்தார். பொது அமைப்பு என்றால் மக்கள் ஒப்புதலோடு, மக்கள் பணத்தில் நடப்பது. நிரந்தர நிதி கைக்கு வந்துவிட்டால் மக்களை மதிக்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. ஆண்டுதோறும் வரும் சந்தாதான் நிர்வாகம் நேர்மையாக நடக்கிறதா என்பதற்குப் பரீட்சை. இதுதான் அவர் வந்து சேர்ந்த முடிவு. கட்டடம் இல்லாமல் நடக்கவே முடியாத அமைப்புகளுக்கு இது பொருந்தாது, அன்றாடச் செலவைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று ஒரு விலக்கும் கொடுக்கிறார்.

பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் நடந்த சத்தியாகிரகப் போராட்டத்துக்கு லட்சக்கணக்கில் பணம் தேவைப்பட்டது. அதை நிரந்தர நிதி இல்லாமலே நடத்தினார்கள். இந்தியாவிலிருந்து ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் இளைய மகன் ரத்தன் டாட்டா 25,000 ரூபாய் அனுப்பினார் (நம் காலத்து ரத்தன் டாட்டா வேறு). நாளைக்குப் பணம் வராவிட்டால் என்ன செய்வது என்று தெரியாத நாட்களும் இருந்தன.

1901-இல் நடந்தது இன்னும் நெருக்கமான சங்கதி. ஊர் திரும்பும் காந்திக்குப் பிரிவு உபசாரத்தில் தங்கமும் வைரமுமாகப் பரிசுகள் குவிந்தன. கஸ்தூரிபாவுக்கென்று 50 கினி மதிப்புள்ள தங்க நெக்லஸ். அன்றிரவு காந்திக்கும் தூக்கம் இல்லை. பொது வேலைக்காக வந்த பரிசு தனக்குச் சொந்தமா என்ற கேள்வி. விடிவதற்குள், எல்லாவற்றையும் சமூகத்துக்கே ஒப்படைத்து, பார்சி ருஸ்தம்ஜி முதலானவர்களை அறங்காவலராகப் போட்டு ஒரு கடிதம் எழுதிவிட்டார். கஸ்தூரிபா லேசில் விடவில்லை. நாளைக்கு வரும் மருமகள்களுக்கு வேண்டாமா என்றார். நீங்கள் செய்த சேவையில் என் உழைப்பும் இருக்கிறதே என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது. கடைசியில் அரைமனதோடு சம்மதித்தார். அறக்கட்டளைப் பத்திரம் தயாராயிற்று, பரிசுகள் வங்கிக்குப் போயின.

பட்டியலில் இல்லாதவர்கள்

இத்தனை நல்ல கணக்கிலும் ஒரு குறை இருந்தது. அதையும் சொன்னால்தான் வரலாறு நேர்மையாக இருக்கும்.

1860-இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது முதல், கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் நேட்டாலுக்குப் போயிருந்தார்கள். முதல் ஆண்டில் அவர்களுக்குக் கூலி மாதம் 10 ஷில்லிங். காங்கிரஸின் 3 பவுன் சந்தா என்றால் ஆறு மாதக் கூலி. ஆகவே அவர்கள் உறுப்பினர் ஆகவில்லை, ஆகவும் முடியாது. யாருக்காகப் பேசுகிறோம் என்று சங்கம் சொன்னதோ, அவர்களில் மிகப் பலர் அதன் பதிவேட்டிலேயே இல்லை. காந்தியே இதை ஒப்புக்கொள்கிறார்.

ஒரு நாள் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். அங்கிருந்த தமிழ்க் குமாஸ்தாவின் மூலம் கதையைத் தெரிந்துகொண்ட காந்தி, அவரை வேறு முதலாளியிடம் மாற்ற ஏற்பாடு செய்தார். செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. சந்தாப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கும் நம்பிக்கை பிறந்தது அங்கேதான். 1913-இல் மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து நியூகாசில் சுரங்கங்களிலிருந்தும் பிறகு கரும்புத் தோட்டங்களிலிருந்தும் வேலைநிறுத்தம் செய்து வெளியே வந்தவர்கள் அந்தக் கூலித் தொழிலாளிகள்தாம். அடுத்த ஆண்டே வரி ஒழிந்தது.

நம் நகரிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் மாதப் பராமரிப்புத் தொகை கொடுக்கிறார்கள். ஆனால் ஆண்டுக் கணக்கை வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டுமே அனுப்பிவந்திருக்கிறோம்.

திருடாமலே போகும் நம்பிக்கை

இது பழங்கதை, இப்போதெல்லாம் ஆடிட்டர் இருக்கிறார், கணினி இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். நம் சங்கமும் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவாகி, ஆண்டுதோறும் பதிவாளருக்குக் கணக்குத் தாக்கல் செய்வதுதான். ஆனால் தணிக்கை சரியாக இருந்தும் நம்பிக்கை உடையும். அதற்கு நம் காலத்து உதாரணம் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்தச் சங்கம் 'லிபர்ட்டி ஃபண்ட்' என்று தனியாக நிதி திரட்டியது. 50 கோடி டாலருக்கு மேல் குவிந்தது. அதில் 20 கோடிக்கு மேற்பட்ட தொகையை ரத்த இருப்பு, எதிர்கால அவசரத் தேவைகள் என்று ஒதுக்கிவைக்கப் போவதாகத் தெரிந்ததும் நாடே கொதித்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கென்றுதானே கொடுத்தோம் என்று கொடுத்தவர்கள் கேட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. தலைவராக இருந்த பெர்னாடின் ஹீலி பதவி விலகினார். நவம்பரில் சங்கம் வருத்தம் தெரிவித்து, முழு நிதியும் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களுக்கே போகும் என்று அறிவித்தது. இதில் யாரும் பணத்தைத் தன் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல காரியத்துக்குக் கொடுத்த பணத்தை இன்னொரு நல்ல காரியத்துக்குத் திருப்பப் பார்த்தார்கள், அவ்வளவுதான். எனக்கு என் மோட்டார் ஞாபகம் வந்தது.

பி.காம். முதலாண்டில் 'இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள்' என்று ஒரு பாடம் உண்டு. பொதுவான நன்கொடை வருமானமாகும். குறிப்பிட்ட நோக்கத்துக்காக வந்த நன்கொடை வருமானம் ஆகாது. அது இருப்புநிலைக் குறிப்பில் 'பொறுப்புகள்' பக்கத்தில் போகும். அதாவது கடன் எழுதும் பக்கத்தில். பரீட்சையில் இதைச் சரியாக எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். 2,64,000 ரூபாய் சங்கத்தின் பணம் என்று நினைத்தேன். அது 88 வீட்டாருக்குச் சங்கம் பட்டிருக்கும் கடன். வடிகாலைக் கட்டி முடித்தால்தான் தீரும். கடன் கொடுத்தவரைக் கேட்காமல் அதை எடுத்து வேறு செலவு செய்தேன். வவுச்சர் இருந்தது, அனுமதி இல்லை. அந்த அம்மா கேட்டது இதைத்தான்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப்போகும் தீர்மானங்கள் இவை. 41,500 ரூபாயை ஆறு மாதத்துக்குள் பராமரிப்புக் கணக்கிலிருந்து வடிகால் கணக்குக்குத் திருப்புவது. ஒரு காரியத்துக்கென்று வசூலித்த பணத்தை வேறொன்றுக்கு எடுக்க வேண்டுமானால் கூட்டம் கூட்டி அனுமதி கேட்பது. அவசரமானால் அன்றே வாட்ஸ்அப் குழுவில் தெரிவித்து, அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் பெறுவது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவுசெலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அதே தாளை அனுப்புவது. வைப்பு நிதித் தீர்மானத்தை நானே திரும்பப் பெறுகிறேன். வடிகால், தொட்டி, மின்கம்பி போன்ற பெரிய பழுதுகளுக்காக ஒரு சிறு நிதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. அதற்கு மட்டும் புதிதாக ஒரு திட்டம் வரும். அன்றாடச் செலவுக்கு மாதா மாதம் உங்கள் கதவைத் தட்டத்தான் போகிறேன். அலுப்பான வேலைதான். ஆனால் தட்டும்போதெல்லாம் நீங்களும் என்னைக் கேள்வி கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. கூட்டம் முடிந்த மறுநாள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், குரலை உயர்த்தியதற்கு வருத்தம் தெரிவித்தேன். காபி கொடுத்தார். "நான் குடுத்தப்ப ரசீதுகூட வாங்கலை சார், உங்க மேல அவ்வளவு நம்பிக்கை" என்றார். வீட்டுக்கு வந்து ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன். 88 பேர் கொடுத்ததில் ரசீது கிழித்தது 61 பேருக்குத்தான். மற்ற 27 பேர் "எதுக்கு சார் ரசீது, உங்களைத் தெரியாதா" என்றவர்கள். பேரேட்டில் எல்லார் பெயரும் இருக்கிறது. ஆனால் அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த 27 வீடுகளுக்கும் வருகிறேன். தயவுசெய்து ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.